கூட்டைத் துளைக்கும் நொதி

சேலத்தில் பட்டு நூல் எடுப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஓட்டை விழுந்த கூடு நூலுக்கு ஆகாது. புழு கூடு கட்டி, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, பத்துப் பன்னிரண்டு நாள் போனால் பூச்சியாக வெளியே வந்துவிடும். அதற்கு முன்னால் கூட்டை ஆவியில் காட்டியோ சூடான காற்றில் உலர்த்தியோ ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரம் மீட்டர் வரைக்கும் அறுபடாமல் வந்திருக்க வேண்டிய இழை சிக்கலாகிக் கழிவுக்குப் போகும். இத்தனைக்கும் அந்தப் பூச்சிக்குக் கடிக்கப் பல் கிடையாது. வாயில் ஒரு திரவம் ஊறி, கூட்டின் ஒரு முனையை நனைக்கிறது. அந்தத் திரவத்தில் கொக்கூனேஸ் என்ற நொதி, அதாவது என்சைம், இருக்கிறது. பட்டு இழைகளை ஒட்டி வைத்திருக்கும் செரிசின் என்ற பசையும் புரதம்தான், உள்ளே இருக்கும் ஃபைப்ரோயின் என்ற நாரும் புரதம்தான். ஆனால் இந்த நொதி பசையைத்தான் கரைக்கிறது, நாரை விட்டுவிடுகிறது. பசை இளகியதும் பூச்சி இழைகளை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது.

அணைமேட்டில் பட்டு வளர்ச்சித் துறையின் தலைமை அலுவலகம் இருக்கிற ஊர்க்காரன், அம்மாபேட்டைத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்குப் புற்றுநோய் பரவுவதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பூச்சிதான் நினைவுக்கு வருகிறது. படிக்க வேண்டி வந்ததற்குக் காரணம் பெரியப்பா. நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர், முதுகுவலி என்று போய்க் கடைசியில் மல்ட்டிபிள் மைலோமா என்று தெரிந்தது, அதாவது எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய். போர்டிசோமிப் ஊசி போட ஆரம்பித்தார்கள். "செல்லுக்குள்ள புரதத்தை வெட்டுற ஒரு மெஷின் இருக்கு, அதை இந்த ஊசி நிறுத்தும்" என்று டாக்டர் விளக்கினார். அதே வாரம் சொந்தத்தில் ஒருவர் வந்து, புரதத்தை வெட்டுகிற என்சைம் மாத்திரை ஒன்று இருக்கிறது, அது புற்றுநோயைக் கரைக்கும், வாங்கிக் கொடுங்கள் என்று ஒரு டப்பாவைக் காட்டினார். பெரியம்மா என்னிடம் கேட்டார்: "ஒருத்தர் அதை நிறுத்தணுங்கறார், இன்னொருத்தர் அதையே சாப்பிடச் சொல்றார். நான் எதைப்பா நம்புறது?"

சரியான கேள்வி. ஆராய்ச்சியாளர்களே முப்பது வருஷம் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு இருந்தார்கள்.

முதலில் இந்த வெட்டும் நொதிகள் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். கறி சீக்கிரம் வேகட்டும் என்று பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி வைக்கிறோமே, அதில் வேலை செய்வது பப்பாயின் என்ற நொதி. கொல்லிமலை அன்னாசியை நிறையத் தின்றால் நாக்கு எரிவதில் புரோமெலைனுக்குப் பங்கு உண்டு. இரண்டும் புரோட்டியேஸ் வகை, அதாவது புரதச் சங்கிலியின் கண்ணிகளைத் தண்ணீரின் துணையோடு பிரிப்பவை. மனித உடம்பில் இப்படிப்பட்ட நொதிகளுக்கான மரபணுக்கள் 550க்கு மேல் இருக்கின்றன. சாப்பாட்டைச் செரிப்பவை அதில் ஒரு சிறு கூட்டம்தான். இரத்தம் உறைவது, உறைந்தது கரைவது, புண் ஆறுவது, எலும்பு தேய்ந்து புதிதாக வளர்வது, பழைய புரதத்தைச் செல் அப்புறப்படுத்துவது, வேண்டாத செல் தானாகச் சாவது எல்லாமே வெட்டினால்தான் நடக்கும். வெட்டியதை ஒட்டவைக்க வழி கிடையாது என்பதால் உடம்பு இவற்றை மிகக் கட்டுப்பாடாக வைத்திருக்கிறது. பெரும்பாலானவை பூட்டுப் போட்ட நிலையில்தான் உருவாகின்றன, ஒரு துண்டை நீக்கினால்தான் வேலையைத் தொடங்கும். அதற்கு மேல் தடுப்பான்கள் வேறு காவலுக்கு இருக்கின்றன. இவையும் புரதங்கள்தான், நொதியின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

காவல் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கணையம் டிரிப்சின் என்ற நொதியைப் பூட்டிய நிலையில் குடலுக்கு அனுப்புகிறது. தவறிப்போய் கணையத்துக்குள்ளேயே பூட்டு திறந்துவிட்டால் அடக்குவதற்கு ஸ்பிங்க்-1 என்ற தடுப்பானையும் கூடவே வைத்திருக்கிறது. தென்னிந்தியாவில் இளம் வயதிலேயே கணையம் சுண்ணாம்புக் கல் படிந்து சுருங்கிப்போகும் ஒரு நோய் உண்டு. அதற்கு மரவள்ளிக் கிழங்குதான் காரணமோ என்று ஒரு காலத்தில் சந்தேகித்தார்கள். அந்தக் கிழங்கில் செய்யும் ஜவ்வரிசியால் பிழைக்கிற சேலத்துக்காரர்களுக்கு இது லேசான செய்தி இல்லை. பிறகு 2002 வாக்கில் இந்திய நோயாளிகளைச் சோதித்தபோது கணிசமானவர்களிடம் ஸ்பிங்க்-1 மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. காவல்காரன் பலவீனமாகப் பிறந்திருக்கிறான். பல வருஷம் இப்படிப் புண்பட்ட கணையத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். இங்கே நோய்க்கு வழிவிட்டது தடுப்பானில் இருந்த குறை.

இப்போது கூட்டுக்கு வருவோம். நம் தோல், வாய், குடல், மார்புச் சுரப்பி என்று எங்கெல்லாம் செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றனவோ, அங்கெல்லாம் அடியில் ஒரு மெல்லிய விரிப்பு இருக்கும். அடிச்சவ்வு என்பார்கள். நான்காம் வகை கொலாஜன், லாமினின் போன்ற புரதங்கள் பின்னி நெய்த துணி மாதிரி. புற்றுநோய் இந்த விரிப்புக்கு மேலேயே இருக்கும்வரை வெட்டி எடுத்தால் பெரும்பாலும் முடிந்தது. அதைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி இரத்தக்குழாயையோ நிணநீர்க்குழாயையோ தொட்டுவிட்டால்தான் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் எலும்புக்கும் போகும். புற்றுநோயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பரவலால்தான் இறக்கிறார்கள்.

கொலாஜனை எது வெட்டுகிறது என்பதற்கு முதல் விடை தவளைக்குஞ்சின் வாலில் கிடைத்தது. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் எங்கே போகிறது என்று 1962ல் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாபியரும் தேடினார்கள், கொலாஜனை வெட்டும் நொதி அகப்பட்டது. அந்தக் குடும்பத்துக்குப் பின்னாளில் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ் என்று பெயர் வந்தது, சுருக்கமாக எம்.எம்.பி. நடுவில் ஒரு துத்தநாக அணுவை வைத்துக்கொண்டு வேலை செய்பவை, மனிதருக்கு 23 உண்டு. இவற்றை அடக்க டிம்ப் என்று நான்கு இயற்கைத் தடுப்பான்கள். 1980ல் லான்ஸ் லியோட்டாவும் கூட்டாளிகளும் எலிப் புற்றுச் செல்களை வைத்து, எது அடிச்சவ்வுக் கொலாஜனை அதிகமாக வெட்டுகிறதோ அது அதிகமாகப் பரவுகிறது என்று காட்டினார்கள். அப்புறம் கணக்கு எளிதாகத் தெரிந்தது. பரவ வேண்டுமானால் வெட்ட வேண்டும், வெட்டுவதைத் தடுத்தால் பரவாது.

மருந்து கம்பெனிகள் இறங்கின. துத்தநாகத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகளைச் செய்தார்கள். பாட்டிமாஸ்டாட் முதலில் வந்தது, அது கரையாது, வயிற்றுக்குள்ளோ நெஞ்சுக்கூட்டுக்குள்ளோ செலுத்த வேண்டியிருந்தது. பிறகு வாயில் போடும் மாரிமாஸ்டாட், பிரினோமாஸ்டாட், டானோமாஸ்டாட். எலிகளில் பிரமாதமாக வேலை செய்தன. 1990களின் இரண்டாம் பாதியில் கணையம், நுரையீரல், வயிறு, மூளை, மார்பகம் என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே தோற்றன. டானோமாஸ்டாட் விஷயம் இன்னும் மோசம், ஒருவகை நுரையீரல் புற்றில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் மோசமானதால் 1999ல் சோதனையையே நிறுத்த வேண்டி வந்தது. மாரிமாஸ்டாட் சாப்பிட்டவர்களுக்குக் கையின் சிறு மூட்டுகளில் வலி தொடங்கித் தோள்வரை ஏறி, கையைத் தூக்க முடியாமல் ஆனது.

ஏன் தோற்றது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் ஒரு மருந்தைப் பற்றியோ மூலிகையைப் பற்றியோ "புற்றுநோய் நொதியைத் தடுக்கிறது" என்று வரும் செய்தியை எடைபோட இதுதான் படிக்கல்.

முதல் காரணம் நேரம். எலிகளுக்கு நோய் தொடங்கும்போதே மருந்து கொடுத்தார்கள். மனிதர்களில் சோதனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நோய் ஏற்கெனவே பரவியவர்கள், பூச்சி போன பிறகு கூட்டைக் கட்டிக் காப்பாற்றுவது மாதிரி. இரண்டாவது காரணம், இந்த மருந்துகள் ஒரே வீச்சில் பல நொதிகளை அடக்கின, அவற்றில் நமக்கு நல்லது செய்பவையும் இருந்தன. எம்.எம்.பி-8 இல்லாமல் பிறந்த ஆண் எலிகளுக்குத் தோல் புற்று அதிகமாக வந்தது என்று ஸ்பெயினில் கார்லோஸ் லோபஸ்-ஒட்டின் குழு 2003ல் காட்டியது. எம்.எம்.பி-12 பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தை வெட்டும்போது ஆஞ்சியோஸ்டாட்டின் என்ற துண்டு வருகிறது, அது கட்டிக்கு இரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும். அதே குடும்பத்தின் எம்.எம்.பி-9 எதிர் வேலை செய்கிறது, வலையில் சிக்கிக் கிடக்கும் வளர்ச்சிக் காரணியை விடுவித்து இரத்தக்குழாய் வளர வைக்கிறது. ஆக அடிச்சவ்வை வெட்டுவது இவற்றின் பல வேலைகளில் ஒன்றுதான், செய்தி அனுப்புவதும் நிறுத்துவதும்கூட இவற்றின் வெட்டால்தான் நடக்கிறது.

இன்னொரு ஆச்சரியம், கத்தரிக்கோலைப் பல நேரம் புற்றுச் செல் தானே செய்துகொள்வதில்லை. 1990ல் மார்பகப் புற்றில் ஸ்ட்ரோமலைசின்-3 என்ற நொதியைக் கண்டுபிடித்தபோது, அது கட்டியைச் சுற்றியிருந்த சாதாரண இணைப்புத் திசுச் செல்களிலிருந்து வந்திருந்தது. அக்கம்பக்கத்து வீட்டாரை வைத்தே சுவரை இடிக்க வைக்கிறது இந்த நோய். கடைசியாக ஒன்று, 2003ல் பீட்டர் ஃப்ரீடல் குழு, வெட்டும் நொதிகள் அத்தனையையும் தடுத்துவிட்டுப் புற்றுச் செல்லைக் கொலாஜன் வலைக்குள் விட்டுப் பார்த்தது. செல் நிற்கவில்லை. உடம்பைக் குறுக்கி, அமீபா மாதிரி வளைந்து, இடைவெளி வழியாகப் புகுந்து போனது. பசையைக் கரைக்க முடியாவிட்டாலும் இழையை ஒதுக்கி வழி பண்ணிக்கொள்கிறது.

சரி, ஒரே ஒரு நொதியை மட்டும் குறிவைத்தால்? அதையும் செய்தார்கள். எம்.எம்.பி-9ஐ மட்டும் பிடிக்கும் ஆண்டெகாலிக்சிமாப் என்ற எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) வயிற்றுப் புற்றுநோயாளிகளுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள், ஆயுள் கூடவில்லை. இத்தனை முயற்சியிலும் எம்.எம்.பி தடுப்பான் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது குறைந்த அளவு டாக்ஸிசைக்ளின்தான், அதுவும் புற்றுநோய்க்கு இல்லை, 1998ல் ஈறு நோய்க்கு.

இதைப் படித்துவிட்டு நொதித் தடுப்பான் என்ற யோசனையே தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவில் அநேகமாக இப்போதே ஒன்று இருக்கும். எனலாபிரில், ராமிபிரில் மாதிரியான பிரஷர் மாத்திரைகள் தடுப்பது துத்தநாகம் வைத்த ஒரு வெட்டும் நொதியைத்தான், அந்த வகையில் முதலில் வந்த காப்டோபிரிலுக்கு வழிகாட்டியது பிரேசிலின் ஒரு விரியன் பாம்பின் விஷம். சர்க்கரைக்குக் கொடுக்கும் சிடாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின் தடுப்பதும் ஒரு வெட்டும் நொதியை. எய்ட்ஸ் சாவைக் குறைத்ததில் 1995 கடைசியிலிருந்து வந்த புரோட்டியேஸ் தடுப்பான்களுக்குப் பெரிய பங்கு. இங்கெல்லாம் எந்த நொதி, அது எதை வெட்டுகிறது, வெட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பக்கம் இருக்கிறது. வெட்டு கூடினால் ஆபத்து என்று இதுவரை பேசினோம், வெட்டு குறைந்தாலும் ஆபத்து. தறியில் இரவு பகலாக உட்காருபவர்கள், லாரி ஓட்டுபவர்கள் தூக்கம் வராமலிருக்கப் பாக்கு போடுவதும், பாக்கும் புகையிலையும் கலந்த பொட்டலத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வதும் சாதாரணமாக நடக்கிறது. புகையிலை கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும், பாக்கைப் பற்றி அவ்வளவு பயம் கிடையாது, தாம்பூலத் தட்டில் வைக்கிற பொருள்தானே என்கிறார்கள். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புகையிலை சேராத வெறும் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று 2004ல் வெளியிட்ட அறிக்கையில் சேர்த்துவிட்டது.

பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற பொருள் வாயின் இணைப்புத் திசுச் செல்களைத் தூண்டிக் கொலாஜனை அதிகம் செய்ய வைக்கிறது. அதே நேரத்தில் கொலாஜனை வெட்டும் நொதிகள் குறைந்து, அவற்றை அடைக்கும் டிம்ப்-1 தடுப்பான் கூடுகிறது. பாக்கில் தாமிரமும் உண்டு, அது கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதிக்கு உதவுகிறது. போடுவது கூடி, எடுப்பது குறைந்து, போட்டதும் இறுகிப்போனால் கன்னத்தின் உள்பக்கம் தோல் மாதிரி விறைத்து வெளுத்துவிடும். காரம் பட்டால் எரியும், அப்புறம் வாய் திறப்பது குறையும். மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் விட முடியவில்லை என்றால் பல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். இதற்கு வாய்ச் சளிச்சவ்வு நார்த்தடிப்பு நோய் என்று பெயர், இது புற்றுநோய்க்கு முந்தைய படி. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் இருந்த 66 பேரை 17 வருஷம் தொடர்ந்து கவனித்ததில் 7.6 சதவீதம் பேருக்கு அது புற்றாக மாறியது. எனவே "வெட்டும் நொதியைத் தடுப்பது புற்றுநோய்க்கு நல்லது" என்று மொத்தமாகச் சொல்லும் யாரையும் நான் நம்புவதில்லை. வாயில் அந்தத் தடுப்பே நோயின் முதல் படியாக இருக்கிறது. பாக்கை நிறுத்தினாலும் இறுகியது முழுதாக இளகாது என்பதைத்தான் இளவட்டங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்பகப் புற்றிலும் இப்படி ஒரு முரண் உண்டு. யூரோகைனேஸ் என்ற வெட்டும் நொதி கட்டியில் அதிகமிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம், அது எதிர்பார்த்ததுதான். அதன் தடுப்பானான பை-1 அதிகமிருந்தாலும் நிலைமை நல்லதில்லை என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பை-1 இல்லாத எலிகளில் புற்றுச் செல் ஊடுருவ முடியாமல் போனது என்று 1998ல் காட்டினார்கள். பசையை எல்லா இடத்திலும் கரைத்துவிட்டால் கால் ஊன்றி நகர இடமே இருக்காது, அளவாகக் கரைத்தால்தான் முன்னேற முடியும் என்பது ஒரு விளக்கம்.

இப்போது பெரியப்பாவின் ஊசி. எம்.எம்.பி செல்லுக்கு வெளியே வெட்டுவது. செல்லுக்கு உள்ளே புரோட்டியசோம் என்று ஒரு பீப்பாய் இருக்கிறது. பழையதாகிப்போன, கோணலாக மடிந்த, வேலை முடிந்த புரதங்களுக்கு யூபிக்குவிட்டின் என்ற சீட்டை ஒட்டி அனுப்பினால் அந்தப் பீப்பாய் உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்கிவிடும். இந்தச் சீட்டு முறையைக் கண்டுபிடித்ததற்காக ஆரோன் செகனோவர், ஆவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004ல் வேதியியல் நோபல் கிடைத்தது. பீப்பாயை அடைக்க மருந்து தேடியவர்களின் முதல் நோக்கம் புற்றுநோயே கிடையாது. நோயாளிகளின் தசை கரைவதை நிறுத்தலாமா என்று ஆல்ஃபிரட் கோல்ட்பர்க் 1993ல் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். அங்கே போரான் அணு ஒன்றை வைத்துச் செய்த மூலக்கூறுதான் போர்டிசோமிப் ஆனது. 2003 மே மாதம் மைலோமாவுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது.

எல்லாச் செல்லிலும் இருக்கும் பீப்பாயை அடைத்தால் எல்லாச் செல்லும் சாக வேண்டாமா என்று கேட்கலாம். ஓரளவு உண்மை, பக்கவிளைவுகள் அதனால்தான். ஆனால் மைலோமாச் செல் என்பது ஓயாமல் எதிர்ப்புரதத்தைச் செய்து தள்ளும் பிளாஸ்மா செல். இளம்பிள்ளைப் பக்கம் விசைத்தறி இரண்டு ஷிஃப்டும் ஓடும்போது கழிவு நூலையும் பஞ்சையும் ஒரு நாள் வாராமல் விட்டுப் பாருங்கள், கைத்தறி ஒன்றே ஒன்று வைத்திருக்கும் வீட்டில் அதே ஒரு நாள் பெரிதாகத் தெரியாது. உற்பத்தி அதிகமான இடத்தில்தான் கழிவு முதலில் மூச்சை அடைக்கும். மைலோமாச் செல் அப்படித்தான் தன் புரதத்திலேயே திணறிச் சாகிறது. பிறகு கார்ஃபில்சோமிப் 2012லும், வாயில் போடும் இக்சாசோமிப் 2015லும் வந்தன. போர்டிசோமிபை இந்தியக் கம்பெனிகளே தயாரிப்பதால் எங்களைப் போன்ற குடும்பத்துக்கும் எட்டுகிற விலையில் கிடைத்தது.

இந்த மருந்தால் சிலருக்குக் கை கால் நுனி மரத்துப்போகும், ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். பெரியப்பாவுக்கு மூன்றாவது சுற்றில் ஆரம்பித்தது. வேறு ஒருவருக்கு இது பொறுக்கக்கூடிய தொல்லையாக இருந்திருக்கலாம். தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைத்தவருக்கு விரல் நுனியில் இழை இருப்பதே தெரியவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துச் சொல்லாமலே இருந்தார், பெரியம்மா கவனித்துச் சொன்ன பிறகுதான் டாக்டர் அளவையும் இடைவெளியையும் மாற்றினார். நரம்பு வழியாகப் போடுவதைவிடத் தோலுக்கடியில் போட்டால் இந்தத் தொல்லை குறைவு என்பது பெரிய சோதனையில் தெரிந்த விஷயம், இப்போது பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறார்கள். அக்கி வராமலிருக்கக் கூடவே வைரஸை அடக்கும் மாத்திரை தருவதும் வழக்கம். மரத்துப்போவதை ஆரம்பத்திலேயே சொன்னால் பெரும்பாலும் சரியாகும் என்பதால், வீட்டில் யாருக்காவது இந்த ஊசி போட்டால் சட்டைப் பொத்தான் போடும்போது விரல் தடுமாறுகிறதா என்று கவனியுங்கள், அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

புராஸ்டேட் புற்று இருக்குமோ என்று பார்க்க வயதான ஆண்களுக்கு எடுக்கும் பி.எஸ்.ஏ. டெஸ்ட் அளப்பதும் ஒரு வெட்டும் நொதியைத்தான். புராஸ்டேட் சுரப்பி விந்தை இளக்குவதற்காகச் செய்யும் நொதி அது. இரத்தத்துக்குக் கசிந்தால் அதில் பெரும்பகுதியை ஒரு தடுப்பான் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் தனியாகத் திரியும். அளவு 4க்கும் 10க்கும் நடுவில் வந்தால் தனியாகத் திரிவது எத்தனை பங்கு என்று பார்க்கிறார்கள். 25 சதவீதத்துக்கு மேல் என்றால் சந்தேகம் குறைகிறது, 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் கூடுகிறது. தடுப்பானில் சிக்கியது எவ்வளவு என்பதை வைத்தே நோயை ஊகிக்கிறார்கள்.

அந்த என்சைம் மாத்திரை டப்பாவுக்கு வருகிறேன். கணைய நொதி புற்றைக் கரைக்கும் என்ற எண்ணம் பழசு, ஸ்காட்லாந்தில் வேலை பார்த்த கருவியல் ஆய்வாளர் ஜான் பியர்ட் 1906லேயே சொன்னார். அந்த வழியில் வந்த நொதி மாத்திரை, உணவுமுறை, குடல் கழுவுதல் எல்லாம் சேர்ந்த சிகிச்சையை அமெரிக்காவில் கணையப் புற்றுநோயாளிகளிடம் கீமோவோடு ஒப்பிட்டு 2010ல் முடிவை வெளியிட்டார்கள். 55 பேர், எதை எடுப்பது என்று அவரவரே தேர்ந்தெடுத்தார்கள். கீமோ எடுத்தவர்களின் நடுநிலை ஆயுள் 14 மாதம், நொதி எடுத்தவர்களுக்கு 4.3 மாதம். வாழ்க்கைத் தரமும் கீமோ எடுத்தவர்களுக்கே மேல். சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லைதான், ஆனாலும் பத்து மாத வித்தியாசம். விழுங்கிய நொதியில் பெரும்பகுதி வயிற்றிலும் குடலிலும் மற்ற புரதம் மாதிரியே செரித்துப்போகும். கணையத்தை எடுத்துவிட்டவர்களுக்குச் சாப்பாடு செரிக்க நொதி மாத்திரை தருவார்கள், அது வேறு, அதை நிறுத்திவிடக் கூடாது. எதிர்ப்பக்கமும் ஏமாற்றம் உண்டு. சோயாவிலும் கொள்ளிலும் இருக்கும் பௌமன்-பிர்க் தடுப்பான் ஆய்வகத்தில் நம்பிக்கை தந்தது, வாயில் வெள்ளைத் திட்டு உள்ளவர்களுக்குச் சோயாவிலிருந்து எடுத்த செறிவைக் கொடுத்துப் பார்த்த சோதனை 2013ல் வெளியானபோது மருந்தில்லாத போலியைவிட மேலாக இல்லை. கொள்ளு ரசம் ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "தடுக்கறதுக்கும் வெட்டறதுக்கும் பொதுவா நல்லது கெட்டதுன்னு இல்லீங்க பெரிம்மா, எந்தக் கத்தரி, எந்த இடம், எப்போங்கறதுதான் கணக்கு. அந்த ஊசி எந்தக் கத்தரியைப் பிடிக்குதுன்னு தெரிஞ்சு, ஆள்கிட்ட சோதிச்சுப் பாத்தது. இந்த டப்பா அப்படி இல்ல" என்றேன். டப்பா திரும்பிப் போனது.

உடம்பே வெட்டும் நொதியை வைத்துப் புற்றைக் கொல்வதும் உண்டு. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான நம் டி செல்கள் புற்றுச் செல்லில் துளை போட்டு கிரான்சைம் என்ற வெட்டும் நொதியை உள்ளே விடுகின்றன. அது காஸ்பேஸ் என்ற இன்னொரு வெட்டும் கூட்டத்தை எழுப்ப, செல் தன்னைத்தானே பிரித்துக்கொண்டு சாகிறது. புற்றுச் செல்கள் காஸ்பேஸுக்கும் அதை எழுப்பும் வழிக்கும் தடை போட்டுத்தான் தப்பிக்கின்றன. 2016ல் இரத்தப் புற்றுக்கு வந்த வெனிட்டோக்ளாக்ஸ் அப்படியொரு தடையை எடுத்துவிட்டுக் கத்தரியை ஓட வைக்கும் மருந்து.

எனக்கு இப்போது அதிக நம்பிக்கை தருவது இந்தப் பாதைதான், கத்தரியை அடைக்காமல் அதை வைத்தே நம் வேலையை முடித்துக்கொள்வது. புற்றுச் செல்லைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தோடு கடும் விஷம் ஒன்றை ஒரு சின்னக் கயிற்றால் கட்டி அனுப்புகிறார்கள். கயிறு இரத்தத்தில் பெரும்பாலும் அவிழாது. செல்லுக்குள் போனதும் அங்கிருக்கும் கதெப்சின் என்ற வெட்டும் நொதி கயிற்றை அறுக்கும், விஷம் வெளியே வரும். 2011ல் அனுமதி பெற்ற பிரென்டுக்சிமாப் வெடோட்டினும், 2019ல் மார்பகப் புற்றுக்கு வந்த டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகானும் இந்த வகை. விலை இன்னும் எங்கள் தெருக்காரர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, போர்டிசோமிப் இறங்கிய மாதிரி இவையும் இறங்க வேண்டும்.

2024 ஏப்ரலில் அமெரிக்காவில் பெகுலிசியானின் என்ற ஒரு சாயத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். மார்பகக் கட்டியை எடுக்கும் ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்னால் நரம்பில் ஏற்றுகிறார்கள், அப்போது அது ஒளிராது. கதெப்சினும் எம்.எம்.பியும் அதை வெட்டினால் ஒளிரத் தொடங்கும். கட்டியை எடுத்த பிறகு சர்ஜன் அந்தக் குழியின் ஓரங்களைக் கருவியால் பார்க்கிறார். மாரிமாஸ்டாட் காலத்தில் எந்த நொதிகளை எப்படியாவது அணைத்துவிட வேண்டும் என்று துரத்தினார்களோ, அவையே மிச்சமிருக்கும் புற்று எங்கே என்று வெளிச்சம் போட்டுக் காட்டுகின்றன, மிச்சம் தெரிந்தால் அங்கே இன்னும் கொஞ்சம் எடுத்துவிட்டுத்தான் தைக்கிறார்கள்.